முகத்தை மூடாத முகமூடி

தமிழில் முகமூடி என்றால் முகத்தை மூடுவது. திருடன் கட்டிக்கொள்வதும் முகமூடிதான். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருந்தவர் பிடிபட்டால் 'முகமூடி கிழிந்தது' என்கிறோம். மறைப்பது என்ற எண்ணம் நம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அலாஸ்காவின் யுப்பிக் மக்கள் தங்கள் முகமூடிக்கு வைத்திருக்கும் பெயர் கெகினாகுக். 'முகம் போன்றது' என்று பொருள். மூடுவதும் ஒளிப்பதும் அந்தச் சொல்லில் இல்லை.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துப் போட்டதே அதுதான். 'அகாயு' என்பது ஒரு வேர்ச்சொல். முகமூடி அணிந்து ஆடிப் பாடி, வரப்போகும் பருவத்துக்கு வேண்டியதைக் கேட்கும் சடங்கில் கலந்துகொள்வதை அது குறித்தது. இன்றைக்கு அதே வேரிலிருந்துதான் ஜெபம் செய்வதற்கான சொல் வருகிறது. தேவாலயம் அகாயுவிக், ஞாயிற்றுக்கிழமை அகாயுனெக், கடவுள் அகாயுன். முகமூடி ஆட்டத்தைச் சாத்தானின் வேலை என்று ஒழிக்க வந்தவர்களின் கோயிலுக்கே அந்த ஆட்டத்தின் பெயர் எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதைப் புரிந்துகொள்ள அந்த ஊரையும், அந்த மரத்தையும், ஒரு கடல்நாயின் கண்ணையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

யுப்பிக் என்றால் 'உண்மையான மனிதர்'. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு மேற்கோள் குறி போடுவார்கள். 'ப்' என்ற ஒலியை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்கு அடையாளம் அது. தமிழில் 'ப்பி' என்று எழுதினாலே அந்த அழுத்தம் வந்துவிடுகிறது, தனிக் குறி தேவையில்லை. இவர்கள் வாழ்வது தென்மேற்கு அலாஸ்காவில், யூகான், கஸ்கோக்விம் என்ற இரண்டு பெரிய ஆறுகள் பெரிங் கடலில் கலக்கும் சமவெளியில். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள். ஊருக்கு ஊர் சாலை கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி, அவசரத்துக்குச் சின்ன விமானம். கடற்கரை ஓரத்தில் மரமே வளராது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்லும் பாசியும் குட்டைகளும்தான். அப்படியிருந்தும் உலகின் மிக அழகான மரச் செதுக்கல்களில் சில இங்கேதான் பிறந்தன. மரத்தை ஆறு கொண்டுவந்து கொடுத்தது. உள்நாட்டுக் காடுகளில் சாய்ந்த ஸ்ப்ரூஸும் காட்டன்வுட்டும் வெள்ளத்தோடு மிதந்து வந்து கரையில் ஒதுங்கும். வீட்டுக்கு உத்தரம், படகுக்குச் சட்டம், சாப்பாட்டுத் தட்டு, முகமூடி எல்லாமே ஒதுங்கிய மரம்.

மரம் மட்டுமா? சோறும் அப்படி வந்து சேர்வதுதான். சால்மன் ஆற்றில் ஏறி வரும், வாத்தும் அன்னமும் வசந்தத்தில் வானத்திலிருந்து இறங்கும், கடல்நாய் பனிக்கட்டியின் விளிம்புக்கு வரும். வந்தால் வாழ்வு, வராவிட்டால் பஞ்சம். வேட்டைக்காரன் தன் திறமையால் விலங்கைப் பிடிக்கிறான் என்று யுப்பிக் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள். விலங்கு தன்னை அவனுக்குக் கொடுக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று அதுவே பார்த்து முடிவு செய்கிறது.

இந்த எண்ணத்தின் நடுவில் இருப்பது 'யுவா' என்ற சொல். 'யுக்' என்றால் ஆள். யுவா என்றால் 'அதன் ஆள்', அதாவது ஒன்றுக்கு உள்ளே இருக்கும் ஆள். கடல்நாய்க்கு ஒரு யுவா உண்டு, நரிக்கு உண்டு, பறவைக்கு உண்டு, காற்றுக்கும் உண்டு. மொத்த உலகத்துக்கே ஒரு ஆள் உண்டு, அது எல்லம் யுவா. 'எல்லா' என்ற அவர்கள் சொல்லுக்கு உலகம், வானிலை, வெளி, சுய உணர்வு என்று பல பொருள்கள். குழந்தைக்கு விவரம் தெரிய ஆரம்பிப்பதையும் அதே வேரிலிருந்து வரும் சொல்லால்தான் சொல்வார்கள். நம்முடைய 'எல்லாம்' காதில் விழுவது போல இருந்தாலும் இரண்டுக்கும் உறவில்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது. ஆனால் உலகமும் வானிலையும் விழிப்பும் ஒரே சொல் என்றால், அந்த உலகம் வெறும் இடமாக இருக்க முடியாது. அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று.

அந்தப் பார்வையைப் பற்றி அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. பல ஊர்களில் பல விதமாகச் சொல்லப்படும் கதை. ஒரு பையனைக் கடல்நாய்களோடு ஒரு வருஷம் வாழ அனுப்பிவைக்கிறார்கள். கடலுக்கு அடியில் போய்ப் பார்த்தால், அங்கேயும் ஊரில் இருப்பது போலவே ஒரு பொதுக்கூடம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் மனிதர்கள். கடல்நாய்கள் தங்கள் வீட்டில் மனிதர்களாகத்தான் இருக்கின்றன. அங்கிருந்து பையன் தன் ஊரைப் பார்க்கிறான். குளிர்காலத்தில் பனி கொட்டும்போது சிலர் எழுந்து போய் வாசலையும் நடைபாதையையும் தண்ணீர் எடுக்கும் பனித்துளையையும் சுத்தம் செய்கிறார்கள். அப்படிச் செய்பவர்களைக் கீழே இருக்கும் கடல்நாய்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. பனியைத் தள்ளுகிறவன், தான் அறியாமலேயே கடல்நாய் தன்னிடம் வருவதற்கான வழியைத் தள்ளித் திறக்கிறான். சோம்பேறிக்கு அந்த வழி மூடியே கிடக்கும்.

முகமூடியைப் பற்றிய எந்த விளக்கத்தையும்விட இந்தக் கதை எனக்கு அதிகம் சொல்கிறது. வழி திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். துளை, வாசல், கண் மூன்றும் அந்த வழிதான்.

கதையில் வரும் பொதுக்கூடத்தின் பெயர் கஸ்கிக். பாதி மண்ணுக்குள் புதைந்த பெரிய அறை, ஒதுங்கிய மரத்தால் சட்டம் கட்டி மேலே புல்மண் போட்டது. ஆண்களும் வளர்ந்த பையன்களும் இங்கேதான் தங்கினார்கள், தூங்கினார்கள், கருவிகள் செய்தார்கள், நெருப்பு மூட்டி வியர்வைக் குளியல் போட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் தனித்தனி வீடுகளில் இருந்தார்கள். சாப்பாடு அங்கிருந்து கிண்ணங்களில் வரும். கஸ்கிக்கின் கூரை நடுவில் ஒரு திறப்பு, கடல்நாயின் குடலைத் தைத்து மூடியது. வெளிச்சம் அதன் வழியாக வரும், புகை அதன் வழியாகப் போகும். தரையின் நடுவில் நெருப்புக் குழி. கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை. சடங்குக் காலத்தில் இந்த இரண்டும் வேறு உலகங்களுக்கான வாசல்களாகிவிடும்.

குளிர்காலம் முழுக்கச் சடங்குகள். இறந்தவர்களை அழைத்து உணவும் உடையும் கொடுக்கும் எல்ரிக், பக்கத்து ஊரை விருந்துக்குக் கூப்பிட்டுப் பரிசு மாற்றிக்கொள்ளும் கெவ்கிக் என்று பல. அதில் மனதை விட்டு அகலாதது நகசியுர்யாரக் என்ற சிறுநீர்ப்பை விழா. கடல்நாயைக் கொல்லும்போது அதன் உயிர் சிறுநீர்ப்பைக்குள் ஒடுங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. வருஷம் முழுக்க வேட்டையாடியவற்றின் பைகளைப் பத்திரமாக எடுத்துவைத்து, குளிர்காலத்தில் ஊதி, கஸ்கிக்குக்குள் கட்டித் தொங்கவிடுவார்கள். அவை விருந்தாளிகள். ஆட்டம், பாட்டு, உணவு எல்லாம் அவர்கள் முன்னால் நடக்கும். கடைசியில் காற்றை இறக்கி, பனியில் வெட்டிய துளை வழியாகக் கடலுக்குள் அனுப்பிவிடுவார்கள். போய்ச் சேர்ந்தவை நல்ல விருந்து கிடைத்தது என்று தங்கள் கூடத்தில் சொல்லும், அடுத்த வருஷம் புதுச் சதையோடு திரும்பி வரும்.

முகமூடிகளுக்கென்றே இருந்தது குளிர்காலத்தின் பிற்பகுதியில் வரும் அகாயுயாரக். 'வேண்டிக் கேட்கும் முறை' என்று சொல்லலாம். பக்கத்து ஊர்க்காரர்கள் விருந்தாளிகளாக வருவார்கள், விலங்குகளின் யுவாக்களும் வருவார்கள். இதை நடத்தியவர் அங்கல்குக். மந்திரவாதி என்று மொழிபெயர்த்தால் நமக்கு ஏவலும் சூனியமும் நினைவுக்கு வந்துவிடும், அதனால் அவர்கள் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். அங்கல்குக் கனவிலோ மயக்கத்திலோ கடலுக்கு அடியிலும் நிலவுக்கும் போய் வருவார், அங்கே கண்டதை ஊருக்குக் கொண்டுவருவார். கண்டதை மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் முகமூடி. சில சமயம் அவரே செதுக்கினார். பெரும்பாலும் செதுக்கத் தெரிந்தவர்களிடம் தான் பார்த்ததை விவரித்துச் செய்யச் சொன்னார். ஒவ்வொரு முகமூடிக்கும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டில்தான் வேண்டுதல் இருக்கும்: இன்ன விலங்கு வரட்டும், காற்று தணியட்டும், மீன் பெருகட்டும். பாட்டு இல்லாத முகமூடி பாதி வேலைதான்.

இனி ஒரு முகமூடியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மரத்தை வாய்ச்சியால் வெட்டி, வளைந்த அலகுள்ள கத்தியால் இழைத்திருக்கிறார்கள். பின்பக்கம் குடைந்திருக்கும், முகத்தில் கனமாக உட்காரக் கூடாது அல்லவா. பல்லால் கடித்துப் பிடிக்க உள்ளே ஒரு குச்சி இருக்கலாம், அல்லது தோல் வார். முன்பக்கத்தில் வெள்ளைக் களிமண் பூச்சு, காவிமண்ணின் சிவப்பு, கரியின் கறுப்பு, எங்காவது ஒரு பச்சை கலந்த நீலம். நடுவில் ஒரு கடல்நாயின் உடல். அதன் முதுகில் ஒரு சின்ன மனித முகம் எட்டிப் பார்க்கிறது. அதுதான் யுவா. சில முகமூடிகளில் விலங்கின் முகம் ஒரு பாதி, மனித முகம் மறுபாதி. இடது கண் வட்டம், வலது கண் பிறை. ஒரு பக்க வாய் சிரிக்கிறது, மறுபக்கம் கோணி இறங்குகிறது. இப்போது இது விலங்கா மனிதனா என்று கேட்டால், பார்ப்பவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆடுகிறவர் தலையைத் திருப்பும் அந்தக் கணத்தில் ஒன்று மற்றொன்றாகிறது.

முகத்தைச் சுற்றிலும் மெல்லிய மரக்கீற்றை வளைத்துக் கட்டிய வளையம், ஒன்றோ இரண்டோ. இதற்கு எல்லங்குவக் என்று பெயர், 'பாவனை உலகம்' என்று வைத்துக்கொள்ளலாம். வானடுக்குகளையும் அது குறிக்கும். அப்புறம் தொங்கல்கள்: சின்ன மீன், துடுப்பு, கை, கால், ஒவ்வொன்றையும் தனியே செதுக்கி இறகுத் தண்டின் நுனியில் சொருகியிருக்கிறார்கள். வளையத்தில் வரிசையாகத் துளைகள், அவற்றில் நீண்ட வாத்து இறகுகளும் ஆந்தை இறகுகளும் அன்னத்தின் வெள்ளை இறகுகளும். கொஞ்சம் அசைந்தால் போதும், எல்லாம் சேர்ந்து நடுங்கும். கடல்நாய் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், மேளச் சத்தத்தின் நடுவில், முகமூடியில் அசையாத பாகம் எதுவுமே இருந்திருக்காது. அருங்காட்சியகத்தில் பார்க்கும் முகமூடிகளில் பாதிக்கு மேல் இறகு உதிர்ந்து, தொங்கல் உடைந்து, மரமாக மட்டும் நிற்கின்றன. அதைப் பார்த்து எளிமையான கலை என்று யாராவது சொன்னால், உதிர்ந்த மரத்தைப் பார்த்துப் பூப்பூக்காது என்று சொன்னது மாதிரி.

கைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல முகமூடிகளின் இருபக்கமும் விரிந்த கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கையில் ஒரு வட்டத் துளை. பல கைகளில் கட்டைவிரல் இருக்காது. கட்டைவிரல் இல்லாத கையால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் துளை வழியாக நழுவிவிடும். இந்தத் துளை விலங்குகள் மேலுலகிலிருந்து பூமிக்கு இறங்கி வரும் வழி என்று விளக்குவார்கள். வேட்டையை நம்பி வாழும் ஒரு சமூகம், விலங்கை வேண்டிக் கேட்கும் சடங்குக்குச் செய்த கையைப் பிடிக்க முடியாத கையாகச் செய்திருக்கிறது. எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளாதவனிடம்தான் விலங்கு திரும்பி வரும் என்ற அந்தப் பழைய பாடத்தை இதைவிடச் சுருக்கமாக மரத்தில் எழுத முடியுமா என்று தெரியவில்லை.

கூரைத் திறப்பு, பனித்துளை, உள்ளங்கைத் துளை, முகமூடியின் கண்துளை. கூடவே, கருவிகளிலும் அணிகலன்களிலும் செதுக்கும் வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும். அதற்கு எல்லம் ஈங்கா என்று பெயர், உலகத்தின் கண். எல்லாம் ஒரே வடிவம், எல்லாம் ஒரே வேலை: இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பார்ப்பது, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவது. முகமூடி அணிந்தவர் யாரும் ஒளிந்துகொள்ளவில்லை. வழக்கமாகக் கண்ணுக்குப் படாத ஒன்றைப் பார்க்கவும், அதனால் பார்க்கப்படவும் அவர் ஒரு ஓட்டையைப் போட்டுக்கொண்டார்.

எல்லா முகமூடிகளுக்கும் ஒரே கனம் இருந்ததாக நினைக்கக் கூடாது. நெப்சதாக் என்று ஒரு வகை, 'ஒட்டிக்கொள்வது' என்று பொருள். யூகான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிடைத்தவற்றில் தட்டையான பலகை போன்ற முகமூடிகள் உண்டு, நடுவில் ஒரு முகம், சுற்றிலும் துளைகள். வாரும் இல்லாமல் கடிகுச்சியும் இல்லாமல் அது அங்கல்குக்கின் முகத்தில் தானாக ஒட்டி நிற்குமாம், அவருடைய சக்திக்கு அதுவே சாட்சி. அதை வேறு யாரும் போட முடியாது. இன்னொரு பக்கம், கஸ்கிக்கே குலுங்கும்படி சிரிக்கவைக்கும் கேலி முகமூடிகளும் இருந்தன. கோணல் வாய், பெருத்த மூக்கு, யாரோ ஒருவரின் நடையைப் போலவே நடந்து காட்டும் ஆட்டம். முகத்தில் மாட்ட முடியாத அளவுக்குப் பெரிய முகமூடிகளைக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, பின்னால் நின்று ஆடினார்கள். சிரிப்பும் பக்தியும் ஒரே இரவில், ஒரே கூரைக்குக் கீழே.

பல முகமூடிகள் ஜோடியாகச் செய்யப்பட்டவை, சில நான்கைந்து சேர்ந்த தொகுதியாக. ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்வது போல ஆடுவார்கள். பெத்தேல் ஊரில் கடை வைத்திருந்த ட்விச்சல் என்ற வணிகர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஸ்கோக்விம் ஆற்றோரத்தில் முகமூடிகளை வாங்கும்போது ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்றும் குறித்துவைத்தார். ஒன்று குளிரையும் புயலையும் விரும்பும் வாடைக்காற்றின் ஆவி. வசந்தம் வரப்போகிறதே என்று அதன் முகம் சோகமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். இன்னொன்று நீருக்கடியிலிருந்து மேலே எழும் குமிழிகள். குமிழிக்கு ஒரு முகம்! கடல்நாய் மூச்சு விட வரும் இடத்தைக் குமிழியைப் பார்த்து அறியும் மனிதர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, இவ்வளவு உழைத்துச் செய்த முகமூடியைச் சடங்கு முடிந்ததும் என்ன செய்வார்கள்? எரிப்பார்கள், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே வெட்டவெளியில் போட்டு மக்கவிடுவார்கள். கேட்டாகிவிட்டது, வந்தவர்கள் போய்விட்டார்கள், அடுத்த வருஷம் புதிதாகக் கனவு வரும், புதிதாகச் செதுக்க வேண்டும். பாதுகாத்து வைப்பது அந்த வாழ்க்கையில் பொருந்தாத செயல்.

உலகத்து அருங்காட்சியகங்களில் இன்று யுப்பிக் முகமூடிகள் இருப்பதற்கும் இந்த வழக்கம்தான் ஒரு காரணம். எப்படியும் போடப்போகிற பொருளை ஒரு வெளியூர்க்காரர் ஊசிக்கும் புகையிலைக்கும் கேட்டால் கொடுத்துவிட்டார்கள். 1877 முதல் 1881 வரை செயின்ட் மைக்கேல் துறைமுகத்தில் வானிலை பதிவு செய்ய வந்திருந்த எட்வர்ட் நெல்சன், வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்காக ஆயிரக்கணக்கான பொருள்களைச் சேர்த்தார். உள்ளூர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'உதவாத பொருள்களை வாங்குகிறவர்'. 1882-83இல் நார்வேக்காரரான யொஹான் அட்ரியன் யாக்கப்சன் பெர்லின் அருங்காட்சியகத்துக்காக வந்து அதே மாதிரி அள்ளிக்கொண்டு போனார். இவர்கள் எடுத்துப் போகாவிட்டால் இந்த முகமூடிகள் எதையும் நாம் பார்த்திருக்க மாட்டோம், யுப்பிக் பேரப்பிள்ளைகளும் பார்த்திருக்க மாட்டார்கள். அதே நேரத்தில், விலைக்குப் போன முகமூடியோடு அதன் பாட்டு போகவில்லை. ஜோடியில் ஒன்று ஒரு நகரத்துக்கும் மற்றொன்று வேறு நகரத்துக்கும் போய்ச் சேர்ந்தன. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்துவிட முடியாது.

அந்தக் காலத்திலேயே அடி விழ ஆரம்பித்துவிட்டது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் பாதிரியார்கள் 1840களிலேயே யூகான் ஆற்றுக்கு வந்துவிட்டார்கள். மொரேவியன் என்ற புராட்டஸ்டண்ட் சபை 1885இல் கஸ்கோக்விம் ஆற்றோரத்தில் பெத்தேலை நிறுவியது. அந்தச் சபையின் முதல் ஊழியர்களில் ஒருவரான ஜான் கில்பக், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த லெனாபி பழங்குடியில் பிறந்தவர். சில வருஷங்களில் கத்தோலிக்கர்கள் நெல்சன் தீவுப் பக்கம் வந்தார்கள். மூன்று சபைகளில் மொரேவியன்களே கண்டிப்பானவர்கள். அவர்கள் ஊர்களில் முகமூடி மட்டுமில்லை, ஆட்டமே நின்றுபோனது. கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் எதிர்ப்பும் தடையும் இருந்தாலும் ஆட்டம் உயிரோடு இருந்தது. முகமூடி ஆட்டமே 20ஆம் நூற்றாண்டிலும் சில ஊர்களில் தொடர்ந்தது.

ஆனால் பாதிரியாரின் பேச்சை மட்டும் கேட்டு ஒரு சமூகம் தன் சாமியை விட்டுவிடுமா? நோய் வந்தது. 1838-39இல் பெரியம்மை. 1900இல் இன்ஃபுளுவென்சாவும் தட்டம்மையும் ஒன்றாக வந்து பல ஊர்களில் பாதிப் பேர் வரை வாரிக்கொண்டு போயின. பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே வாரத்தில் போனார்கள். அங்கல்குக்கின் பாட்டுக்கு அந்த நோய்கள் கட்டுப்படவில்லை, அங்கல்குக்கே இறந்தார். பாட்டு தெரிந்தவர், செதுக்கத் தெரிந்தவர், சடங்கின் ஒழுங்கு தெரிந்தவர் எல்லாரும் ஒரே சமயத்தில் போய்விட்டால் மிஞ்சியவர்கள் என்ன செய்வார்கள்? அனாதைப் பிள்ளைகளைச் சபைகள் எடுத்து வளர்த்தன, பள்ளிகள் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தன, கஸ்கிக்குகள் ஒவ்வொன்றாக இடிந்தன.

அந்த இடிபாட்டில்தான் 'அகாயு' வேறு வீட்டுக்குக் குடிபோனது. பாதிரியார்கள் சொன்ன புதிய செயலுக்கு யுப்பிக் மொழியில் ஒரு பெயர் தேவைப்பட்டது: ஒரு கூடத்தில் ஒன்றுகூடி, பாடி, கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் வரப்போகும் நாளுக்கு வேண்டியதைக் கேட்பது. அந்த மக்களுக்கு அது முன்பே தெரிந்த செயல். முகமூடி கட்டி அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள். அதனால் அந்தச் சொல்லே போய் உட்கார்ந்துவிட்டது. பாதிரியார்கள் முகமூடி ஆட்டத்தைக் கூத்து என்றார்கள், பேய் வழிபாடு என்றார்கள். மொழி அப்படிச் சொல்லவில்லை. அது வேண்டுதல் என்று மொழி தெளிவாகச் சாட்சி சொல்கிறது, இன்றும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்.

இதற்கிடையில் கடல் தாண்டிப் போன முகமூடிகள் வேறு ஒரு வாழ்க்கை வாழ்ந்தன. ட்விச்சல் சேர்த்தவை நியூயார்க்கில் ஜார்ஜ் ஹை என்பவரின் அருங்காட்சியகத்துக்குப் போயின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த அருங்காட்சியகம் பணத்துக்காகச் சிலவற்றை விற்றது, கார்லபாக் என்ற பழம்பொருள் வியாபாரி வாங்கினார். ஹிட்லரின் படையிடமிருந்து தப்பி நியூயார்க்கில் இருந்த கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், மானுடவியலாளர் லெவி-ஸ்த்ராஸ் எல்லாரும் அவர் கடையில் வந்து நின்றார்கள். கனவை வரைய முயன்ற அந்தச் சர்ரியலிஸ்டுகளுக்கு இவை கனவிலிருந்து வந்தவை என்று பார்த்ததுமே புரிந்தது. அதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் யாருடைய கனவு, எந்தக் கடல்நாய்க்காக, எந்தப் பஞ்சத்துக்குப் பிறகு என்று கேட்க அவர்களுக்கு வழியில்லை. இன்று அப்படிக் கைமாறிய முகமூடிகள் ஏலங்களிலும் கண்காட்சிகளிலும் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. ஒரு குளிர்கால இரவுக்காகச் செய்து, மறுநாள் எறியப்பட வேண்டிய பொருள்.

1996 ஜனவரியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. பல அருங்காட்சியகங்களில் சிதறியிருந்த யுப்பிக் முகமூடிகளைச் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சி. யுப்பிக் பெரியவர்களும் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகர அருங்காட்சியகமும் மானுடவியலாளர் ஆன் ஃபீனப்-ரியோர்டனும் சேர்ந்து செய்தது. முதலில் நியூயார்க்கிலோ வாஷிங்டனிலோ திறக்கவில்லை. நெல்சன் தீவில் இருக்கும் டொக்சூக் பே என்ற சிறு கிராமத்தில், நடன விழாவோடு சேர்த்துத் திறந்தார்கள். அப்புறம் பெத்தேல், ஆங்கரேஜ், அதற்குப் பிறகுதான் பெரிய நகரங்கள். நூறு வருஷமாகப் பிரிந்திருந்த சில ஜோடிகள் மறுபடியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கண்காட்சிக்கு வைத்த பெயர் 'அகாயுலியாரார்புத்', 'நாங்கள் வேண்டுதல் செய்யும் முறை'. நல்ல கிறித்தவர்களான பெரியவர்கள், தேவாலயத்துக்குப் போன சொல்லை எடுத்து மறுபடியும் முகமூடிக்குச் சூட்டினார்கள். அந்தப் பெயரில் யாரையும் எதிர்க்கும் தொனி இல்லை. இரண்டும் ஒன்று என்று அமைதியாகச் சொல்கிறது.

அடுத்த வருஷம், 1997 செப்டம்பரில், பெரியவர்கள் சிலர் பெர்லினுக்கே போனார்கள். டொக்சூக் பேயைச் சேர்ந்த பால் ஜான் அவர்களில் ஒருவர், மொழிபெயர்ப்பும் பதிவும் செய்தவர் மேரி மீட். யாக்கப்சன் 115 வருஷங்களுக்கு முன்னால் கொண்டுபோன பொருள்களை இழுப்பறை இழுப்பறையாக எடுத்துப் பார்த்து, இது எதற்கு, எப்படிச் செய்வது, எந்தக் கதையில் வருகிறது என்று தங்கள் மொழியில் பேசிப் பதிவு செய்தார்கள். பொருளைத் திருப்பிக் கேட்பதைவிட, அதற்குள் இருந்த அறிவை வீட்டுக்குக் கொண்டுபோவதில்தான் அவர்கள் குறியாக இருந்தார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பெத்தேலில் வசந்தத்தில் கமாய் என்ற நடன விழா நடக்கிறது, ஆட்டம் நின்றுபோன மொரேவியன் ஊர்களும் இப்போது ஆடுகின்றன. ஆண்கள் முன்னால் முழங்காலிட்டு ஆடுவார்கள், பெண்கள் பின்னால் நின்று, முழங்காலை மட்டும் மெதுவாக மடக்கி நிமிர்த்தி ஆடுவார்கள். அகன்ற, மெல்லிய மேளத்துக்கு முன்பு வால்ரஸின் இரைப்பைத் தோல், இப்போது நைலான் துணி. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகமாக. பெரும்பாலான ஆட்டங்களில் முகமூடி இருக்காது. ஆனால் ஆண்களின் கைகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு மர வளையம், அதன் விளிம்பில் சொருகிய இறகுகள். பெண்களின் விரல்களில் புல்லால் பின்னிய வட்டம், ஓரத்தில் கரிபூ மானின் கழுத்து முடி. முகமூடியைச் சுற்றியிருந்த அதே வளையம்தான். முகம் கழன்று போன பிறகும் அது கைக்கு வந்து, நடுவில் காலியாக, மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் நடுங்கிக்கொண்டிருக்கிறது.